பாரிஸில் அண்ணாச்சி சாப்பிட்ட வாத்து

மேற்கு மாம்பலத்தில் ‘பேச்சியம்மாள் பெயிண்ட்ஸ்’ கடைக்காரர் பொன்ராஜ் பாரிஸில் ஒரு வாத்து சாப்பிட்டார் என்பது அந்தச் சந்து முழுக்கத் தெரிந்த சமாச்சாரம். ஆரஞ்சுச் சாற்றில் வெந்த வாத்து. மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்குமாம், உள்ளே கறி வெண்ணெயாக விட்டுக்கொடுக்குமாம். ஆற்றங்கரையில் சிவப்புத் திரை போட்ட ஓட்டல். பரிமாறிய கிழவன் கடைசியில் வந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படி ருசி தெரிந்து சாப்பிடுகிற ஆளைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்றானாம்.

இதில் ஓட்டலும் சிவப்புத் திரையும்தான் நிஜம். மற்றதெல்லாம் புளுகு. அது பொன்ராஜுக்கு மட்டும் தெரியும்.

சாத்தான்குளம் பக்கத்து ஆள். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் மாமாவின் பாத்திரக் கடையில் அண்டா குண்டா துடைத்து, அந்த மாமாவின் மகள் பேச்சியம்மாளையே கட்டிக்கொண்டு, மாம்பலம் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் தனியாகப் பெயிண்ட் கடை போட்டார். உன் பெயருக்கு எண்ணெய், பெயிண்ட் வியாபாரம் ஒட்டாது என்று ஜோசியன் சொன்னதால் கடைக்குப் பெண்டாட்டி பெயர். கல்லாவில் அவள், ஏணியில் இவர். கடைக்குள் அண்ணாச்சி ராஜா. இன்ஜினியரானாலும் டாக்டரானாலும் அதட்டித்தான் பேசுவார். "அந்தக் கலர அடிச்சா வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். அப்புறம் உம்ம இஷ்டம்" என்பார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டு அவர் சொன்ன கலரை வாங்கிப் போவார்கள். மகன் அஸ்வின் படித்துக் கல்யாணமும் ஆகிக் கொட்டிவாக்கத்தில் தனியாகப் போய்விட்டான். அவன்கூட அப்பாவிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான்.

பெயிண்ட் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தில் இவ்வளவு சரக்கு எடுத்த கடைக்கு வெளிநாட்டு டூர். ஒரு கடைக்கு இரண்டு சீட்டு. பெரும்பாலான கடைக்காரர்கள் அந்த இரண்டாவது சீட்டில் வீட்டுக்காரியைக் கூட்டிப் போவதில்லை. வேலை கொண்டுவந்து கொடுக்கிற பெயிண்டிங் மேஸ்திரியைக் கூட்டிப் போவார்கள். வியாபாரம் அப்படி. பொன்ராஜும் அதையே செய்தார். வீட்டில், "ஒரு சீட்டுதான் தாரான்" என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் கேட்டபோது, "வீட்டுல மூட்டு வலி. ஃப்ளைட்ல உட்கார முடியாது" என்றார். இரண்டு பக்கமும் வாய் அடைபட்டது.

முதல் தடவை பாங்காக். கூட்டத்தோடு கூட்டமாகப் போய், கம்பெனி ஏற்பாடு செய்த இந்தியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அடுத்தது பாரிஸ். அங்கே ஒரு சாயங்காலம், அவரவர் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பொன்ராஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு தனியாகக் கிளம்பினார். இவ்வளவு தூரம் வந்து பன்னீர் மசாலாவும் நான் ரொட்டியும் தின்றுவிட்டுப் போவதா என்கிற ரோஷம்தான். ஆற்றங்கரையில் சிவப்புத் திரை கண்ணில் பட்டது. உள்ளே போய் உட்கார்ந்தார்.

மெனு அட்டையில் ஒரு எழுத்தும் அவருக்கு விளங்கவில்லை. பரிமாறுகிறவன் வந்து நின்றான். அவன் ஏதோ கேட்டான், இவர் தலையை ஆட்டினார். மேலே இருப்பது விலை கூடினதாக இருக்கும், கீழே இருப்பது மட்டமானதாக இருக்கும் என்று கணக்குப் போட்டு நடு வரியில் விரலை வைத்தார். வந்தது பச்சைக் கறி. அரைத்து வட்டமாகத் தட்டி, மேலே வேகாத முட்டையின் மஞ்சள் கருவை உட்காரவைத்திருந்தான். சமைத்துக் கொண்டுவரச் சொல்லிக் கையை ஆட்டி, அடுப்பு, நெருப்பு, புகை என்று ஜாடை காட்டினார். அவன் சிகரெட் பிடிக்கத்தான் கேட்கிறார் என்று வாசலைக் காட்டினான். பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை எடுத்தார்கள். பொன்ராஜ் பணத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். வாசல் கண்ணாடிக் கதவை இழுக்க வேண்டிய இடத்தில் தள்ளிக்கொண்டு நின்றார். அதற்கும் அவர்கள் சிரித்தார்கள்.

ஊருக்கு வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும் பேச்சியம்மாள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "அங்க என்ன சாப்பிட்டிய?"

பச்சைக் கறி கண் முன்னால் வந்தது. அந்தக் கைக்குட்டைகள் வந்தன. "வாத்து" என்றார் பொன்ராஜ். கூட வந்த தியாகராய நகர் கடைக்காரர் சாய்நாத் அங்கே எங்கேயோ தின்றுவிட்டு வந்து பஸ்ஸில் பீற்றிக்கொண்டிருந்த வாத்து அது. நாக்கில் தயாராக இருந்தது, வந்து விழுந்துவிட்டது.

பேச்சியம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வாத்தா? எப்படி வச்சிருந்தான்?"

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் அப்படி அவர் வாயைப் பார்த்து உட்கார்ந்ததில்லை. கடை, கல்லா, பாக்கி, மகன் படிப்பு என்றே பேசித் தீர்ந்த வாழ்க்கை. அன்றைக்கு முகவாயில் கையை வைத்துக்கொண்டு, தன் புருஷன் யாரோ ஒரு பெரிய மனிதன் என்பதுபோலப் பார்த்தாள். பொன்ராஜுக்கு அது போதையாக இருந்தது. கிழவன் கை குலுக்கியது அந்தப் போதையில் சேர்ந்ததுதான்.

அதன் பிறகு எந்த ஊர் டூர் போனாலும் அவர் ஓட்டல் பக்கமே தலை வைக்கவில்லை. எல்லாரும் வெளியே சாப்பிடப் போகிற நேரத்தில், அறையில் கெட்டிலில் அரிசியை வேகவைத்து, பேச்சியம்மாள் கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். சாய்நாத் திரும்பி வந்ததும் அவனைப் பிடித்து உட்காரவைத்து, என்ன தின்றான், எப்படி இருந்தது, மேலே எதை ஊற்றினான் என்று கேட்டு மனப்பாடம் செய்தார். ஊர் திரும்பியதும் அவ்வளவும் பேச்சியம்மாளுக்கு. சிப்பியில் வெண்ணெய் ஊற்றிச் சுட்டது, கருப்பு நிறச் சோறு, பாறைக்கு அடியில் பூசணம் பிடித்த பாலாடைக்கட்டி. திராட்சைத் தோட்டத்தில் பாதாள அறைக்குள் ஒயினை முகர்ந்து பார்த்து, "மழை விழுந்த மண் வாசம் வருது" என்று தான் சொன்னதும் அந்தத் தோட்டத்துக்காரி அசந்துபோனது. பேச்சியம்மாள் அதையெல்லாம் பக்கத்தில் பட்டன், லைனிங் துணிக் கடை வைத்திருந்த சகினாவிடம் சொல்வாள். சகினா கேட்டுக்கொண்டு, "பொறந்தா அண்ணாச்சியா பொறக்கணும் அக்கா" என்பாள். சம்பந்தி வீட்டில், அடையாற்றில், மருமகள் மதுமதியின் அப்பா வெளிநாட்டுச் சாப்பாட்டைப் பற்றி அளந்தபோதுகூடப் பேச்சியம்மாள் நடுவில் புகுந்து, "எங்க வீட்டுல அவுக அந்த வாத்து தின்னுருக்காக" என்றாள்.

பாரிஸுக்குப் பிறகு, அவளைக் கூட்டிப்போகாததற்கு மேஸ்திரி ஒரு சாக்கு, அவ்வளவுதான். மாம்பலத்தில் இன்ஜினியரையே அதட்டுகிற தன்னை ஒரு மெனு அட்டை குனியவைப்பதை அவள் பார்த்துவிடக் கூடாது. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

போன வருஷம் கம்பெனியில் புதிதாக ஒரு விற்பனை அதிகாரி வந்தான். மரியாதை தெரிந்த பையன். பொன்ராஜ் ஏணி மேல் பரணில் டப்பா தேடிக்கொண்டிருந்தபோது அவன் கல்லாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, மூட்டு வலி இப்ப தேவலையா?"

"யாருக்கு மூட்டு வலி?"

"உங்களுக்குத்தாம்மா. ஒவ்வொரு டூருக்கும் உங்களால ஃப்ளைட்ல உட்கார முடியாதுன்னு சார் சொல்லுவாராமே. கடை உங்க பேர்ல இருக்கு, முதல் சீட்டே உங்களோடதுதான். இந்த வருஷமாவது வாங்கம்மா."

பரணில் பொன்ராஜ் டப்பாக்களுக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டார்.

"இந்த வருசம் எந்த ஊரு தம்பி?"

"மறுபடியும் பாரிஸ்மா."

"நான் வாரேன்னு எழுதிக்கோங்க" என்றாள் பேச்சியம்மாள். பிறகு தலையைத் தூக்கி, "ஏங்க, இறங்குங்க. அங்கன இன்னும் என்னத்தத் தேடுதிய?" என்றாள்.

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருக்கலாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அவள் சொன்னாள்: "மூட்டு வலியப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். அந்த வாத்து ஓட்டலுக்கு என்னையக் கூட்டிட்டுப் போகணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அதை இடிச்சிட்டாங்கன்னு சாய்நாத் சொன்னான்."

"இடிச்ச எடத்தையாவது காட்டுங்க."

விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். புதுச் சால்வை. காது வலிக்குது என்றுகூடச் சொல்லவில்லை. பாரிஸில் இறங்கியதிலிருந்து பொன்ராஜ் சொன்ன கதைகளின் வழித்தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "இந்தப் பாலத்தப் பத்திதான சொன்னிய? இங்கனதான படகு ஓடுதுன்னு சொன்னிய?" பொன்ராஜ், "ஆமா, ஆமா" என்றார். ஒவ்வொரு ஆமாவுக்கும் நெஞ்சில் ஒரு ஆணி இறங்கியது. அவரே மறந்துவிட்டதை எல்லாம் அவள் வைத்திருந்தாள்.

மறுநாள் பஸ்ஸில் திராட்சைத் தோட்டம். இந்தத் தடவை வயிறு சரியில்லை என்று சாக்குச் சொல்லி பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட முடியவில்லை. பேச்சியம்மாள் கையைப் பிடித்து இறக்கினாள். பூமிக்கு அடியில் குளிர்ந்த அறை. பீப்பாய்கள். ஓர் அம்மாள் கண்ணாடிக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும், பிறகு சுழற்ற வேண்டும், முகர வேண்டும், ஒரு வாய் வாங்கி நாக்கில் உருட்டித் துப்பிவிட வேண்டும் என்று இங்கிலீஷில் சொல்ல, கூட வந்த கைடு தமிழில் சொன்னான். துப்புவதற்குப் பித்தளைப் பாத்திரமும் வைத்திருந்தாள். கடைக்காரர்கள் ஒரே மடக்கில் காலி செய்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார்கள். எங்கிருந்தோ மிக்சர் பாக்கெட் ஒன்று வந்தது. பின்னாலேயே எலுமிச்சை ஊறுகாயும் வந்தது. அந்த அம்மாள் பீப்பாய் மேல் சிந்திக் கிடந்த காராபூந்தியைப் பார்த்துக்கொண்டே பேச்சை நிறுத்திவிட்டாள்.

பேச்சியம்மாள் மட்டும் சொன்னபடி செய்தாள். சுழற்றினாள், மூக்கை உள்ளே விட்டாள்.

"மண் வாசம் வரலியே" என்றாள். "நீங்க சொன்னியளே."

"அது வேற தோட்டம்" என்றார் பொன்ராஜ்.

சாய்நாத் அதற்குள் ஐந்தாறு கிண்ணம் உள்ளே தள்ளியிருந்தான். நல்லவன்தான். வாய்க்குக் கதவு கிடையாது.

"இன்னா அண்ணி, அண்ணாச்சியாண்ட போய் வைன் கேக்கறீங்க? அவரு இந்த மாதிரி எடத்துல பஸ்ஸ வுட்டு எறங்கினதே இல்ல. வா நைனான்னு இஸ்துக்கினு போனாகூட வவுறு சரியில்லம்பாரு."

"அப்ப ஓட்டலு?" என்றாள் பேச்சியம்மாள்.

"ஓட்டலா? ரூம்ல கெட்டில்ல சோறு வடிச்சிக்கினு, பருப்புப் பொடியப் போட்டுக்கினு குந்திக்கினு கீறவரு அண்ணி அவரு. நான் துன்னுட்டு வந்தா மட்டும் புட்ச்சிப்பாரு. இன்னா துன்னே, எப்டி இருந்திச்சி, மேல இன்னா ஊத்துனான்... வக்கீலு கெட்டான்! ஒரு தபா வாத்து துன்னுட்டு வந்தேன் பாருங்க, ரெக்கை கீதா இல்லியான்னு வரைக்கும் கேட்டாரு." நாலு பேர் சிரித்தார்கள். சாய்நாத் பொன்ராஜின் தோளில் தட்டினான். "இன்னா அண்ணாச்சி, சொல்றது கரீட்டுதான?"

பொன்ராஜ் அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். கடையாக இருந்தால் பிடித்திருப்பார். இங்கே கை எழும்பவில்லை.

பேச்சியம்மாள், "அப்படியா தம்பி" என்றாள். கிண்ணத்தில் இருந்ததைத் துப்பவில்லை, முழுக்கக் குடித்தாள். முகம் சுளிக்கவும் இல்லை. நாவல் பழம் தின்ற மாதிரி நாக்கு பிடித்துக்கொள்ளுகிற துவர்ப்பு அது. அதற்குப் பின்னால் ஒரு கசப்பு. தங்கியிருந்த இடத்துக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பொன்ராஜ் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். அவள் திரும்பவில்லை.

சாயங்காலம் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "கிளம்புங்க."

"எங்க?"

"வாத்து திங்க."

சிவப்புத் திரை அப்படியேதான் இருந்தது. அதைப் பார்த்ததும் பொன்ராஜின் கால் நடைபாதையோடு ஒட்டிக்கொண்டது.

"பேச்சி, போயிருவோம். எல்லாம் புளுகுன்னு உனக்குத்தான் தெரிஞ்சு போச்சுல்லா."

"தெரியும்."

"பெறவு என்ன?"

"பசிக்கு."

அவளே கதவை இழுத்துத் திறந்தாள். உள்ளே உட்கார்ந்தார்கள். கதையில் வந்த கிழவனைக் காணோம், ஒரு சின்னப் பெண் வந்து அட்டைகளை வைத்துவிட்டுப் பேனாவோடு நின்றாள். பேச்சியம்மாள் தன் அட்டையைத் திறக்கவில்லை. அவர் பக்கம் தள்ளினாள்.

"சொல்லுங்க. நீங்கதான பழகின ஆளு."

அவர் அட்டையைப் பார்த்தார். அதே எறும்பு எழுத்து. அந்தப் பெண் ஏதோ கேட்டாள். பேச்சியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாத்துக் கதை கேட்ட நாளில் பார்த்த அதே மாதிரி முகவாயில் கையை வைத்து. பொன்ராஜ் விரலைக் கொண்டுபோய் வைத்தார். எங்கே என்று யோசிக்கிற நிலையில் இல்லை. மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம், நடுவில்.

இரண்டு தட்டு வந்தது. வட்டமாகத் தட்டிய பச்சைக் கறி. மேலே மஞ்சள் கரு.

பொன்ராஜ் அவள் தட்டைக் கையால் மறைத்தார். "திங்காத. வேகாதது."

பேச்சியம்மாள் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

"இதைத்தான் அன்னைக்கும் கொண்டாந்து வச்சானா?"

அவர் மேசைத் துணியை நீவிவிட்டார்.

"எந்திரிச்சுப் போயிட்டிய."

"ம்."

"அத வந்து அப்படியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா. சிரிச்சிருப்பேன். நீங்களும் சிரிச்சிருப்பிய. அதுக்கா எனக்கு மூட்டு வலிய வாங்கிக் குடுத்திய?"

"நீ சிரிப்பேன்னுதான் சொல்லல" என்றார் பொன்ராஜ். அந்த இடத்தில்கூட அது அதட்டலாகத்தான் வந்தது.

பேச்சியம்மாள் தலையை ஆட்டினாள். முள்கரண்டியை எடுத்தாள், எப்படிப் பிடிப்பது என்று பக்கத்து மேசையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் கருவை உடைத்தாள். என்ன கறி என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு வாய், இன்னொரு வாய். கண்ணில் தண்ணீர் கட்டியது, துடைக்காமல் மென்றாள். தட்டைக் காலி செய்துவிட்டு அவர் தட்டை இழுத்துக்கொண்டு அதையும் தின்றாள். அந்தச் சின்னப் பெண் தட்டுகளை எடுக்க வந்து ஆச்சரியப்பட்டுச் சிரித்து ஏதோ சொன்னாள். பாராட்டுதான், யாருக்கும் மொழி வேண்டாம் அதற்கு. பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஊருக்கு வந்து கடை திறந்த அன்றைக்கே சகினா ஓடி வந்தாள். "அக்கா! அந்த வாத்து சாப்பிட்டீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல!"

பொன்ராஜ் டப்பா குலுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. தலையை நிமிர்த்தவில்லை.

"சாப்பிட்டேன்" என்றாள் பேச்சியம்மாள். "ஆரஞ்சுச் சாத்துல வெந்த வாத்து. மேத்தோலு அப்பளம் மாதிரி நொறுங்குது. உள்ள வெண்ணெய்தான். பரிமாறின ஆளு கடைசில வந்து கையப் பிடிச்சுக் குலுக்குச்சு. இவுக சொன்னதுல ஒரு சொல்லு மாறல. என்னங்க, சரிதான?"

"ம்" என்றார் பொன்ராஜ்.

காப்பாற்றிவிட்டாள் என்று அன்றைக்கு நினைத்தார். அது காப்பாற்றியது இல்லை. அதோடு அவள் அவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டை மட்டும் அல்ல, எதையுமே. வெளியே போய்விட்டு வந்தால் எங்கே போனிய என்று கேட்பதில்லை, யாரைப் பார்த்திய என்று கேட்பதில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒருநாள் அவராகவே, "இன்னைக்கு ஆழ்வார்பேட்டையில ஒரு வீட்டுக்கு கலர் பாக்கப் போனேன், அங்க பாரு..." என்று ஆரம்பித்தார். "போனியளா, சரி" என்று குழாயைத் திறந்துவிட்டாள்.

இந்த வருஷம் டூர் இஸ்தான்புல். விற்பனை அதிகாரி வந்து கேட்டதும் பேச்சியம்மாள் அவருக்கு முன்னால் பதில் சொன்னாள். "நானும் சகினாவும் போறோம். இவுகளுக்கு மூட்டு வலி." சகினாவின் வீட்டுக்காரர் மெஹபூப் பாஷா, இஸ்தான்புல் என்றதும் சந்தோஷமாக அனுப்பிவைத்தார். பொன்ராஜ் கல்லாவில் உட்கார்ந்தார். கலர் கேட்டு வந்தவர்களை அதட்டினார். யாரும் சிரிக்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. வீட்டில் தனியாகச் சோறு வடித்துப் பருப்புப் பொடி போட்டுச் சாப்பிட்டார். அதுதான் பழக்கமாயிற்றே.

அவள் திரும்பி வந்து பெட்டியை இறக்கினாள். முகம் வெயிலில் கொஞ்சம் கறுத்து, கண் பளபளப்பாக இருந்தது. பொன்ராஜ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவு நாளும் வாயில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அங்க என்ன சாப்பிட்ட?"

"சோறுதான்" என்றாள். செம்பைக் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

மறுநாள் காலை அவர் பரணில் டப்பா அடுக்கிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சகினாவின் கடையில் பேச்சியம்மாளின் குரல் கேட்டது. மீன் என்றாள், கரண்டி என்றாள், பக்கத்து மேசைக்காரன் மடியில் என்றாள். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொன்ராஜ் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் காதை வைத்தார். மீன் என்ன ஆயிற்று என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை.